கடக்கரைல நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா, சிடிஐ வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வீடு வடகடல் ஓரம், 2015 மாடல் 100 சிசி கார்புரேட்டர் வண்டி, ஒன்றரை மாசம் வெளியூர் வேலைக்கு போயிருந்ததால வண்டி வீட்டு முன்னாடி ஓலைக் கொட்டாய்லயே நின்னுருக்கு. இப்ப வந்து செல்ஃப் அடிச்சா டக் டக்னு சத்தம் மட்டும் வருதாம், கிக்கர் அடிச்சு கால் வலிச்சதுதான் மிச்சம். மெக்கானிக் வந்து பாத்துட்டு சிடிஐ போச்சு, காயில் போச்சு, கார்புரேட்டரயும் மாத்திருங்கன்னு சொல்லிட்டாராம். மாத்தலாமாண்ணே இல்ல வண்டிய வந்த வெலைக்கு தள்ளிரவான்னு கேக்குறாரு.

ரெண்டும் வேணாம் தம்பி. சிடிஐன்னா பிளக்ல பொறி எப்ப அடிக்கணும்னு பாத்து கரண்ட்ட விடுற சின்னப் பெட்டி, காயில்னா அந்தக் கரண்ட்ட பெரிய வோல்ட்டா ஏத்திக் குடுக்குறது. சிடிஐ, காயில், கார்புரேட்டர் மூணும் பேசி வச்ச மாதிரி ஒரே ஒன்றரை மாசத்துல போறதெல்லாம் ரொம்ப அபூர்வம். சிடிஐ பெட்டிக்குள்ள இருக்குற எலக்ட்ரானிக்ஸ் மேல கெட்டியான பசைய ஊத்தி அடைச்சுத்தான் அனுப்புறாங்க, காயிலும் அப்படித்தான், பிளாஸ்டிக்ல வார்த்து மூடுன சாமான். உப்புக்காத்து அதுக்குள்ள அவ்வளவு லேசுல போயிராது. ஆனா அதுக்கு வர்ற ஒயரோட முனை, ஒயரும் ஒயரும் கோக்குற பிளாஸ்டிக் கப்ளர், பிளக் கேப், எர்த் போல்ட், சாவி சுவிட்ச் இதெல்லாம் காத்துக்கு தொறந்துதான கெடக்கு. நம்ம கடக்கரைல சாமான் போறதுக்கு முன்னாடி சாமானும் சாமானும் சேர்ற எடம் போயிரும், அத மனசுல வச்சுக்கிட்டு வண்டியப் பாத்தாலே பாதிச் செலவு குறையும். மதுரைல ஒரு மெக்கானிக் சிடிஐ போச்சுன்னு சொன்னா சரி இருக்கலாம்னு நெனப்பேன், பாம்பன்ல ஒருத்தர் கப்ளரக்கூட கழட்டிப் பாக்காம சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ஏன்னா இங்க காத்து அப்படி. தென்கடல்ல இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல வண்டிக் கண்ணாடிய காலைல தொடச்சு வச்சா சாயங்காலம் வெரல்ல பிசுபிசுன்னு ஒட்டும், வாடை மாசத்துல வடகடல் பக்கம் இருக்குறவங்களுக்கு அதே கதை. அடுப்படில உப்பு ஜாடி அடைமழைக்கு கசிஞ்சு நிக்கும்ல, ஒயர் முனைல ஒட்டுன உப்பும் அப்படித்தான், காத்துல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கிட்டே இருக்கும். அதனால ஒரு சொட்டு மழை இல்லாட்டியும் உங்க கப்ளருக்குள்ள நனைஞ்சேதான் இருக்கும். 2025 ஏப்ரல்ல தொறந்த புது பாம்பன் ரயில் பாலத்துக்கே துரு புடிக்கக் கூடாதுன்னு ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டு, தனியா ஒரு ஸ்பெஷல் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி 1914ல இருந்து நின்ன பழைய பாலத்துக்கு துரு சொரண்டி பெயிண்ட் அடிக்கிறதே ஓயாத வேலையா இருந்துச்சு. நம்ம வண்டில சீட்டுக்கு அடில இருக்குற ஒரு எர்த் போல்ட்ட யாரு கவனிக்கிறா.

சரி வேலைக்கு வருவோம். மொதல்ல சிரிக்காம, ஹேண்டில்ல இன்ஜின நிறுத்துற கில் சுவிட்ச் இருந்தா அதப் பாருங்க, ஊர்ல இல்லாதப்ப சின்னப்புள்ளைக ஏறி வெளையாடி அமுத்தி வச்சிருக்கும், அதப் பாக்காம வண்டிய ஆட்டோல ஏத்தி ஒர்க்‌ஷாப் கொண்டு போனவங்க இருக்காங்க. அந்த சுவிட்ச்ச நாலஞ்சு தடவ அங்கிட்டும் இங்கிட்டும் தட்டி விடுங்க, உள்ள இருக்குற பச்சை களிம்பு கொஞ்சம் தேயும். பெட்ரோல் டேப் ஆன்ல இருக்கா, டேங்க்ல நெசமாவே பெட்ரோல் இருக்கா, மூடியத் தொறந்து வண்டிய ஆட்டி காதால கேளுங்க, முள்ள நம்பாதீங்க, கேஜ் மிதவைக்குப் போற ஒயரும் இதே உப்புக்காத்துலதான் கெடக்கு. புது வண்டில சிலது சைட் ஸ்டாண்ட் போட்டிருந்தா ஸ்டார்ட் ஆகாது, அந்த ஸ்டாண்ட் சுவிட்ச் தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துல மண்ணுலயும் உப்புத்தண்ணிலயும் கெடக்குறதால ஸ்டாண்ட எடுத்தாலும் எடுக்காத மாதிரியே காட்டும், அதயும் ஞாபகத்துல வைங்க.

டக் டக் சத்தத்துக்கு வருவோம். அது பெரும்பாலும் பேட்டரிதான், செல்ஃப் மோட்டார் இல்ல. பட்டன அமுக்குனதும் ரிலே ஒட்டுது, மோட்டார் இழுக்குற இழுப்புல பேட்டரி வோல்ட் படுத்துருது, உடனே ரிலே விட்டுருது, வோல்ட் திரும்ப ஏறுது, திரும்ப ஒட்டுது, அந்த சண்டைதான் டக் டக். மல்டிமீட்டர் இருந்தா பேட்டரி முனைல வச்சுப் பாருங்க, நல்ல பேட்டரி சும்மா நிக்கும்போது 12.6க்கு மேல காட்டணும், 12க்கு கீழ போயிட்டா அது காலி. சும்மா நிக்கும்போது 12.5 காட்டி செல்ஃப் அமுக்குனதும் 9க்கு கீழ விழுந்துச்சுன்னா பேட்டரிக்குள்ள சத்து இல்ல, இல்லாட்டி டெர்மினல் லூசு. டெர்மினல்ல வெள்ளையா பச்சையா மாவு பூத்திருந்தா கழட்டுங்க, மைனஸ் மொதல்ல, ப்ளஸ் அப்புறம், மாட்டும்போது தலைகீழா. சோடா உப்பு கலந்த வெந்நில துணிய நனைச்சு தொடச்சு, காய வச்சு, உப்புத்தாள் போட்டு பளிச்சுன்னு தேச்சு மாட்டிட்டு மேல வாசலின் தடவுங்க. சார்ஜ் போடுறதா இருந்தா கார் பேட்டரி போடுற கடைல பெரிய சார்ஜர்ல மாட்டி ஒரு மணி நேரத்துல கொடுங்கன்னு கேக்காதீங்க, இந்த சின்ன பேட்டரி 3, 4 ஆம்பியர் ஹவர்தான், அதுல பத்துல ஒரு பங்கு கரண்ட்ல மெதுவா ராத்திரி முழுக்க ஏறணும்.

ஆனா பேட்டரி காலின்னா கிக்கர்ல எடுத்திருக்கணுமேன்னு கேப்பீங்க. சில கார்புரேட்டர் வண்டில இக்னிஷனுக்கு பேட்டரி தேவையே இல்ல, இன்ஜினோட சேந்து சுத்துற மேக்னெட்ல இருந்து நேரா கரண்ட் எடுத்துக்கும், அத ஏசி சிடிஐன்னு சொல்லுவாங்க. சிலதுல பேட்டரில இருந்துதான் எடுக்கும், அது டிசி சிடிஐ. ரெண்டாவது ரகம்னா பேட்டரி சுத்தமா செத்துட்டா கிக்கர் எத்தன அடிச்சாலும் வம்புதான். அதனால பக்கத்து வீட்ல நல்ல பேட்டரி இருந்தா மாட்டிட்டு அப்புறம் கிக் அடிங்க, இத ஒரு மெக்கானிக்கும் செய்யாம அடுத்த சாமானுக்கு போயிருவாங்க.

இப்ப ஸ்பார்க். பெட்ரோல் பைப் எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க, பெட்ரோல் சிந்துன எடத்துல பொறி அடிக்கவே கூடாது. பிளக்க கழட்டி, கேப்ப அதுல மாட்டி, பிளக்கோட இரும்பு உடம்பு இன்ஜின் ஹெட்ல நல்லா படுற மாதிரி சாய்ச்சு வைங்க, பெயிண்ட் மேல இல்ல, பெயிண்ட் இல்லாத எடத்துல. பிளக் ஓட்டை பக்கம் வேணாம், உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வரும். கையால பிடிக்கணும்னா ரப்பர் கேப்ப புடிங்க, இல்லாட்டி கை வெட வெடன்னு ஆடும். சாவிய ஆன் பண்ணி கிக் அடிங்க. நீலமா பட்டு பட்டுன்னு தடிப்பா அடிச்சா ஸ்பார்க் சரி, உங்க கேஸ் பெட்ரோல் பக்கம். மஞ்சளா செவப்பா மெலிசா அடிச்சாலோ, ரெண்டு அடிக்கு ஒன்னு வந்தாலோ கரண்ட் வழில கசியுது. ஒன்னுமே இல்லன்னாலும் இன்னும் சிடிஐ பேர எடுக்காதீங்க. இன்னொன்னு, பிளக்க எங்கயும் எர்த் பண்ணாம கேப்ப மட்டும் தொங்கவிட்டுட்டு கிக் அடிக்கிற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, அப்படிச் செஞ்சா அந்த கரண்ட் போக்கெடம் இல்லாம காயிலயும் சிடிஐயயும் பதம் பாக்கும், நல்லா இருந்த சிடிஐ அன்னைக்குத்தான் சாகும்.

ஸ்பார்க் வீக்குன்னா மொதல் ஆளு பிளக் கேப்தான். அந்த கருப்புக் கேப் ஒயரோட ஒட்டி வர்றது இல்ல, பல வண்டில அது ஸ்க்ரூ. கேப்ப இடது பக்கமா திருகி இழுத்தா கழண்டு வரும். உள்ள ஒரு சின்ன பித்தளை ஸ்க்ரூ முனை இருக்கும், அதுதான் ஒயருக்குள்ள குத்தி நிக்கிறது. நம்ம ஊர் வண்டில அந்த முனை பித்தளை நெறத்துலயே இருக்காது, மயில்துத்தம் கலர்ல பச்சையா பூத்து, தட்டுனா மாவா உதிரும், ஒயர் நடுவுல இருக்குற செம்பு இழையும் கருப்பா செத்துப் போயிருக்கும். மேல ரப்பர் பளபளன்னு புதுசா தெரியும், அதான் யாரும் கழட்டிப் பாக்குறது இல்ல. என்ன செய்யணும்னா ஒயர நுனில ஒரு அரை சென்டிமீட்டர் பிளேடால நேரா வெட்டுங்க, உள்ள செம்பு பளிச்சுன்னு தெரியணும், தெரியலன்னா இன்னும் கொஞ்சம். நீளம் போதுமான்னு முன்னாடியே இழுத்துப் பாத்துக்கோங்க. புது கேப் வாங்கி அதுல திருகுங்க, பழைய கேப்பே நல்லா இருந்தா மீட்டர்ல பாருங்க, ரெசிஸ்டர் கேப்னா பெரும்பாலும் 5 கிலோ ஓம் பக்கத்துல காட்டும், மீட்டர் எகிறி ஒன்னுமே காட்டலன்னா தூக்கிப் போடுங்க. உங்க மெக்கானிக் சொன்ன காயில் நூத்துக்கு முக்கால்வாசி இந்த கேப்பாத்தான் இருக்கும். ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு ஒருத்தர கிக் அடிக்கச் சொல்லி நீங்க அந்த ஒயரயே பாருங்க, மேல நீலமா பூச்சி பறக்குற மாதிரி தெரிஞ்சா கரண்ட் ஒயர் தோலு வழியா எறங்குது. காலைல பனில எடுக்காத வண்டி பத்து மணி வெயில் ஏறுனதும் ஒன்னுமே நடக்காத மாதிரி எடுக்குதுன்னு சொல்றவங்களுக்கும் வியாதி இதுதான்.

அடுத்தது எர்த். கரண்ட் போனா மட்டும் பத்தாது, திரும்பி வரவும் வழி வேணும், அந்தத் திரும்பி வர்ற வழி வண்டியோட இரும்பு உடம்புதான். ஒயரிங்ல இருந்து ஒரு பச்சை ஒயரோ கருப்பு ஒயரோ, கம்பெனிக்கு கம்பெனி மாறும், வந்து ஃபிரேம்ல இல்லாட்டி காயில் போல்ட்ல ஒரு வளையமா மாட்டியிருக்கும். அந்த போல்ட்ட மேல பாத்துட்டு டைட்டா இருக்கேன்னு விட்றாதீங்க, கழட்டுங்க. வளையத்துக்கு அடிலயும் ஃபிரேமுக்கு மேலயும் காப்பித்தூள் கலர்ல ஒரு படலம் இருக்கும், போல்ட் எவ்வளவு டைட்டா இருந்தாலும் கரண்ட் அதத் தாண்டாது. உப்புத்தாள்ல ரெண்டு பக்கமும் இரும்பு பளிச்சுடுற வரைக்கும் தேய்ங்க, மாட்டி இறுக்கிட்டு மேல கிரீஸோ வாசலினோ பூசுங்க. அடில பூசிட்டு மாட்டாதீங்க, மாட்டிட்டு மேல பூசுங்க. ஹாரன் அடிச்சா இண்டிகேட்டர் மங்குது, பிரேக் புடிச்சா ஹெட்லைட் அழுவுதுன்னு வந்தா மொதல்ல எர்த்தத்தான் சந்தேகப்படணும்.

இதுக்கு அப்புறமும் ஸ்பார்க் இல்லன்னா சாவி சுவிட்ச். ஹேண்டிலுக்கு நடுவுல வானத்தப் பாத்துக்கிட்டு ஒரு ஓட்டை, அதுல பனியும் உப்பும் மண்ணும் எறங்காம என்ன செய்யும். இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்கு தெரியாது. ஏசி சிடிஐ வண்டில சாவிய ஆஃப் பண்ணுனா சுவிட்ச் கரண்ட்ட நிறுத்துறது இல்ல, சிடிஐல இருந்து வர்ற ஒரு ஒயர எர்த்தோட சேத்து விடுது, அதான் இன்ஜின் நிக்குது. சுவிட்ச்சுக்குள்ள உப்புத்தண்ணி நின்னு அந்த ஒயரயும் எர்த்தயும் சேத்து விட்டுச்சுன்னா சாவி ஆன்ல இருந்தாலும் வண்டி ஆஃப்லதான் இருக்கும். பாக்குறது ரொம்ப ஈஸி, ஹெட்லைட்டுக்குப் பின்னாடி சுவிட்ச் கப்ளர கழட்டி விட்டுட்டு கிக் அடிங்க, ஸ்பார்க் வந்துருச்சுன்னா சிடிஐ நல்லா இருக்கு, சுவிட்ச்தான் திருட்டுப் பய. அப்படி ஸ்டார்ட் ஆச்சுன்னா சாவிய திருப்புனா நிக்காது, சோக்க போட்டோ இல்ல டாப் கியர்ல பிரேக்க புடிச்சுக்கிட்டு கிளச்ச விட்டோ நிறுத்துங்க. டிசி சிடிஐல இது நேரெதிர், சுவிட்ச் வழியாத்தான் கரண்ட் வரணும், கப்ளர கழட்டுனா செத்துரும், அதுல சிடிஐ கப்ளர்ல 12 வோல்ட் வருதான்னு டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாருங்க, வரலன்னா ஃபியூஸ், ஃபியூஸ் காலு, சுவிட்ச்னு பின்னாடியே போங்க. ஃபியூஸ் எரியாம இருந்தும் அதோட காலு ரெண்டும் பச்சை புடிச்சு கரண்ட் போகாம இருக்குறது இங்க சாதாரணம்.

கப்ளர் எல்லாத்தயும் ஒவ்வொன்னா கழட்டி காண்டாக்ட் கிளீனர் அடிச்சு காய விட்டு மாட்டுங்க, டபிள்யூடி ஃபார்ட்டி இருந்தாலும் அடிக்கலாம் ஆனா சொட்டச் சொட்ட விடாம தொடச்சுருங்க. இவ்வளவும் செஞ்சும் ஸ்பார்க் வரலன்னா அப்ப சிடிஐ மேல சந்தேகப்படலாம், அப்பவும் வாங்காதீங்க, அதே மாடல் வண்டி தெருவுல நாலு நிக்கும், ஒன்ன கேட்டு அதோட சிடிஐய உங்க வண்டில மாட்டிப் பாருங்க. ஓடுனா வாங்குங்க. ஓடலன்னா மேக்னெட் கவருக்குள்ள இருந்து சிடிஐக்கு நேரம் சொல்ற பல்சர் காயில சந்தேகப்படலாம், அது மெக்கானிக் வேலை.

ஸ்பார்க் நீலமா அடிச்சும் எடுக்கலன்னா பெட்ரோல். ஒன்றரை மாசம் நின்னா கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்குற கொஞ்ச பெட்ரோல் ஆவியாகிப் போயி அடில மஞ்சளா ஒரு பிசின் தங்கும், அது பெட்ரோல் போற, தலைமுடி போறதுக்கே இடமில்லாத ஸ்லோ ஜெட்ங்குற குட்டி ஓட்டைய அடைச்சுரும். கார்புரேட்டருக்கு அடில பெட்ரோல வடிய விடுற ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கு, கீழ ஒரு வெள்ளைத் தண்ணி பாட்டில வெட்டி வச்சுட்டு அத லூஸ் பண்ணுங்க. பழைய பெட்ரோல் வந்து, அப்புறம் டேங்க்ல இருந்து புதுசு ஓடி வரணும். வரலன்னா பைப்லயோ டேப் சல்லடைலயோ அடைப்பு. வந்தத பாட்டில்ல ரெண்டு நிமிஷம் வச்சுப் பாருங்க, அடில தனியா கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டா அது தண்ணி. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலுக்கு ஈரத்த இழுக்குற குணம் உண்டு, அளவு தாண்டுனா எத்தனாலும் தண்ணியும் கை கோத்துக்கிட்டு பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு அடில போயி படுத்துரும், டேப்ப ரிசர்வ்ல வச்சா மொதல்ல அதுதான் வரும். தண்ணி வந்துச்சுன்னா கிண்ணத்த மட்டும் கழுவி பிரயோஜனம் இல்ல, டேங்க்கயே கழட்டி கவுத்துருங்க. வாய வச்சு பைப்ப உறிஞ்சுறது ஊதுறது ரெண்டும் வேணாம். ஜெட்ட சுத்தம் பண்ணும்போது ஊசி, கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா அப்புறம் நெசமாவே கார்புரேட்டர் மாத்தணும், கிளீனர் ஸ்ப்ரேயும் காத்தும் போதும்.

கிக் அடிச்சு அடிச்சு பெட்ரோல் வாடை மூக்கத் தொளைக்குதுன்னா வண்டி ஓவர்ஃப்ளோ ஆயிருச்சு, பிளக் நனைஞ்சிருக்கும். சோக்க எடுத்துட்டு, டேப்ப மூடிட்டு, பிளக்க தொடச்சு மாட்டி, ஆக்சிலேட்டர முழுசா முறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஏழெட்டு கிக். பத்து நிமிஷம் ஓடி நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப எடுத்து, திரும்ப நிக்கிற வண்டின்னா டேங்க் மூடியத் தொறங்க, உஸ்னு சத்தம் வந்து அதுக்கப்புறம் ஒழுங்கா ஓடுனா மூடில இருக்குற காத்து ஓட்டை உப்பும் மண்ணும் அடைச்சிருக்கு. ஓலைக் கொட்டாய்ல நிறுத்துறவங்க சைலன்சர் ஓட்டைல குளவி மண்கூடு கட்டியிருக்கா, ஏர் ஃபில்டர் டப்பால எலி தென்னை நாரக் கொண்டு வந்து அடைச்சிருக்கான்னு பாருங்க, அந்த எலியே ஒயரயும் கடிச்சு வச்சிருக்கும்.

கிக்கர் கால வச்சதும் எதிர்ப்பே இல்லாம சொத்துன்னு எறங்குச்சுன்னா கம்ப்ரஷன் இல்ல. பிளக் லூசா இருக்கான்னு பாத்துட்டு, பிளக் ஓட்டைல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக் மாட்டாமலே நாலு கிக் அடிச்சு, அப்புறம் மாட்டி அடிங்க. எதிர்ப்பு திரும்ப வந்துச்சுன்னா பிஸ்டன் ரிங் காய்ஞ்சு போயிருக்கு, ஓட ஓட சரியாகலாம், இல்லாட்டி பின்னாடி ரிங் வேலை. வரவே இல்லன்னா வால்வு துரு புடிச்சு தொறந்தபடியே நிக்கலாம், அது ஹெட் கழட்டுற வேலை, நீங்க தொடாதீங்க.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்குன பிஎஸ் 6 வண்டிக்காரங்களுக்கு மேல சொன்னதுல எர்த்து, கப்ளர், டெர்மினல் எல்லாம் அப்படியே பொருந்தும், இன்னும் ஜாஸ்தியாவே பொருந்தும். பெரும்பாலான வண்டில இப்ப கார்புரேட்டர் இல்ல, பெட்ரோல பம்பு வச்சு பீச்சுற எஃப்ஐ. சாவி போட்டதும் டேங்க்ல இருந்து ரெண்டு மூணு செகண்டு ஜ்ஜ்ஜ்னு பம்பு ஓடுற சத்தம் வரணும், வரலன்னா ஃபியூஸ், பம்பு கப்ளர், பேட்டரி. மீட்டர்ல எஃப்ஐ லைட்டு விட்டு விட்டு மின்னுச்சுன்னா எத்தன நீளம் எத்தன குட்டைன்னு எண்ணி எழுதிக்கிட்டு சர்வீஸ்காரர்ட்ட சொல்லுங்க, அதுதான் வண்டி தானே சொல்ற வியாதிப் பேரு. பேட்டரி சுத்தமா செத்தா இந்த வண்டிகள பல மாடல்ல தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, தள்ளி மூச்சு வாங்காதீங்க. அதே மாதிரி பெட்ரோல அடிமட்டம் வரைக்கும் ஓட்டாதீங்க, பம்பு டேங்க் உள்ள பெட்ரோல்லதான் குளுந்துக்குது, அடில கெடக்குற தண்ணியும் அதுக்குள்ளதான் போகும்.

மீன் ஏத்துற ஆளுகளுக்கு தனியா ஒன்னு சொல்லணும். ஐஸ் உருகி பொட்டில இருந்து சொட்டுற தண்ணி மீனோட உப்பும் சேந்த தண்ணி, அது கேரியர்ல இருந்து நேரா டெயில் லைட் ஒயர் கப்ளர்லயும் சைடு கவருக்குள்ள இருக்குற ஃபியூஸ்லயும்தான் எறங்குது. பொட்டிக்கு அடில ஒரு தார்ப்பாய்த் துண்டு விரிச்சு தண்ணி பின்னாடி போயி விழுற மாதிரி ஒரு குழாய் மாட்டுங்க, அவ்வளவுதான் வேலை. டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் இன்னும் வச்சிருக்குறவங்க 2டி ஆயில் கண்ணுமண்ணு தெரியாம ஊத்தாதீங்க, பிளக் கரி புடிச்சு நிக்கிறதும் சைலன்சர் அடைக்கிறதும் அதனாலதான். டூ ஸ்ட்ரோக் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா பிளக்க பல் வெளக்குற பழைய பிரஷ்ஷால பெட்ரோல் தொட்டு கழுவி மாட்டிட்டு அப்புறமா மத்த யோசனை.

மழைல முங்குன வண்டி கதையே வேற. 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நாள்ல சைலன்சர், ஏர் ஃபில்டர் முங்குற அளவுக்கு தண்ணி ஏறுன வண்டிய எடுத்த எடுப்புல செல்ஃப் அடிச்சுறாதீங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி இருந்தா அத பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். பிளக்க கழட்டிட்டு மெதுவா கிக் அடிச்சு தண்ணிய வெளிய தள்ளுங்க, ஆயில் டிப்ஸ்டிக்க எடுத்துப் பாருங்க, பால் ஊத்துன காப்பி கலர்ல இருந்தா ஆயில மாத்தாம ஓட்டக் கூடாது, ஏர் ஃபில்டர மாத்துங்க, அப்புறம்தான் ஸ்டார்ட்.

பாலத்து மேல நின்னுட்டா என்ன பண்றதுன்னும் கேக்குறாங்க. ரோட்டுப் பாலம் நடுவுல ஒசந்து ரெண்டு பக்கமும் சரிவு, அங்க காத்துல நின்னு பிளக்கெல்லாம் கழட்டாதீங்க, இண்டிகேட்டர போட்டுட்டு நியூட்ரல்ல எந்தப் பக்கம் எறங்குதோ அந்தப் பக்கம் உருட்டிருங்க, கார்புரேட்டர் வண்டின்னா எறக்கத்துலயே ரெண்டாவது கியர்ல கிளச்ச விட்டா பெரும்பாலும் எடுத்துக்கும்.

வண்டி கழுவுறது பத்தி. அரியமான்லயும் தனுஷ்கோடிலயும் அலை தெறிக்க ஓட்டிட்டு வந்து போர் தண்ணில கழுவிட்டேன்னு சொல்றீங்க, நம்ம கரையோரத்துல பாதி போர் தண்ணியே உப்பு, அதுல கழுவி என்ன ஆகப் போகுது. காவேரித் தண்ணி குடிக்கவே பத்தாதுன்னு தெரியும், குடம் குடமா ஊத்தச் சொல்லல, ஒரு சின்ன வாளி நல்ல தண்ணில துணிய நனைச்சு கப்ளர் பக்கம், செயின் பக்கம், ரிம்மு, சைலன்சர் தொடச்சா போதும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்கிறதும் எனக்கு ஒத்து வரல, உள்ள ஈரத்தப் புடிச்சு வச்சு வெளில நிக்கிறத விட வேகமா துரு ஏத்துது, மூடுறதா இருந்தா காத்து போற துணி. அடுத்த தடவ மாசக்கணக்குல ஊருக்குப் போகும்போது டேங்க்க முழுசா நெரப்பிட்டு, டேப்ப மூடி இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு, பேட்டரி மைனஸ கழட்டி விட்டுட்டுப் போங்க, வீட்ல யாராச்சும் இருந்தா இதெல்லாம் வேணாம், பேட்டரிய மாட்டியே வச்சு வாரம் ஒரு தடவ பத்து நிமிஷம் ஓட விடச் சொல்லுங்க.

இப்ப உங்க வண்டிக்கு தம்பி, நல்ல பேட்டரி ஒன்ன மாட்டிட்டு, பிளக் கேப்ப கழட்டி ஒயர வெட்டி, எர்த் போல்ட்ட தேச்சு, கிண்ணத்த டிரெயின் பண்ணி, சோக்கு போட்டு அடிங்க. எடுத்தா சந்தோஷம். எடுக்கலன்னா ஸ்பார்க் என்ன கலர்ல வந்துச்சு, டிரெயின்ல தண்ணி இருந்துச்சா, சுவிட்ச் கப்ளர கழட்டி விட்டப்ப என்ன ஆச்சு, இந்த மூணையும் எழுதுங்க, அதுக்கப்புறம் சிடிஐ பத்திப் பேசுவோம்.